மிச்ச மருந்து

அந்தத் திங்கட்கிழமை பதினோராம் நம்பரில் பால் ஆறாக ஓடியதற்கு டெனிஸ்டன்தான் காரணம். ஆறு என்பது கொஞ்சம் கூடுதல். கான் என்கிற சின்ன வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகள் நிரம்பி, விளிம்பு தாண்டி, மரத்தின் காலடியில் சொட்டி, சருகுக்குள் புகுந்து, சரிவில் இறங்கி, கானோடு சேர்ந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பீலிக்கரைக்கே, குழாயடிக்கே வந்துவிட்டது பால். அங்கே துணி அலசிக்கொண்டிருந்த சுப்பம்மா வேலையிலிருந்து நின்று வருஷங்கள் ஆனாலும் தோட்டத்து விவகாரங்களிலிருந்து நிற்காதவள். வெள்ளையாக வந்த தண்ணீரைப் பார்த்ததும் மலையை நோக்கிக் கத்தினாள்.

"யாருடி அது மேல? பால் பொங்குது, அடுப்ப அணைங்கடி!"

சத்தம் கேட்டு முதலில் ஓடியவனும் டெனிஸ்டன்தான். வீடு வீடாகப் புகுந்து வாளி, பேசின், சோத்துப்பானை, யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினான். பழனியாண்டி கங்காணி ஒரு மரத்தடியில் நின்று, தன் தொப்பியைக் கழற்றி ஒழுகும் பாலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கங்காணி, தொப்பி ஒட்டிக்கும். பொறவு தலையோட சேத்துத்தான் கழட்டணும்" என்றான் டெனிஸ்டன்.

"வாய மூடிக்கிட்டு வாளிய வைடா!"

அந்த அமளிக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் அருள்செல்வி. பதினோராம் நம்பர் அவளுடையது. முந்நூறு மரம்போல இருக்கும், கல்லும் சரிவுமான துண்டு. விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கத்தியால் பட்டையைச் சீவி, பால் நின்றதும் சேகரித்து, நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். வழக்கமாக வெயில் ஏறும்போது பால் தானாக நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவே இல்லை. கன்னத்தில் ஒரு பால்துளி காய்ந்து ஒட்டியிருக்க, இடுப்பில் கைவைத்து அவள் சிரித்தாள். புருஷன் டெங்குக் காய்ச்சலில் போனபிறகு அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து டெனிஸ்டன் பார்த்ததில்லை. புத்தியுள்ளவன் என்றால் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, செய்த வேலையை அதோடு நிறுத்தியிருப்பான். இவன் அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

செய்த வேலை இதுதான்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினால் வருகிற அந்தத் தோட்டத்தில், டெனிஸ்டன் மருந்துக்காரன். டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ஸ்டோரிலிருந்து தரும் மருந்தை அளவாகத் தண்ணீரில் கலந்து, மரத்துக்கு மரம் வெட்டுக்காயத்தின் ஓரமாகப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுப்பது அவன் வேலை. பூசினால் பால் கூடுதல் நேரம் வடியும். மருந்துக்குப் புளித்த வாடை. அந்த வாடை அவன் சட்டையிலும் ஏறியிருந்ததால், நாற்பத்தைந்து வயது வரைக்கும் தனக்குப் பெண் அமையாததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொள்வான். முன்வழுக்கையையும் பேசுகிற வாயையும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டான்.

அருள்செல்வியின் மரங்கள் வயசானவை. கை நல்ல கை, கத்தி நல்ல கத்தி, மரம்தான் கஞ்சம். மடுவத்தில் நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அன்றைக்கு முழுச்சம்பளம் கிடையாது, அரைப்பேரு. பழனியாண்டி கங்காணி ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் குரல் ஆண்டவன் கொடுத்த குரல். "பதினொண்ணு, அரைப்பேரு!" என்று அவர் கூப்பிட்டால் அடுத்த டிவிசன் வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் அருள்செல்வி வாளியின் கைப்பிடியைச் சரிசெய்வாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்காது.

அதைத்தான் டெனிஸ்டனால் பார்க்க முடியவில்லை.

எல்லா நம்பருக்கும் பூசியபின் வாளியடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சும். ஊற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அவன் அதை ஒரு போத்தலில் அடைத்து வைத்தான். மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயமே மாதா கோயிலுக்குப் போனபின், தனக்கு வயிற்றுக்கோளாறு என்று சொல்லிவிட்டுப் பதினோராம் நம்பருக்குள் நுழைந்தான். பிரஷ்ஷை எடுத்தான். ஒரு இழுப்புக்கு இரண்டு இழுப்பாக இழுத்தான். மறுநாள்தான் சுப்பம்மாவின் பீலியில் பால் வந்தது.

பிறகு மாதாமாதம் வயிற்றுக்கோளாறு வந்தது. சில மாதம் இரண்டு ஞாயிறு.

ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வராதவனைப் பற்றிக் கோயிலில் கவலைப்பட்டார்கள். அவன் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்றார்கள். எம்பிலிப்பிட்டியவில் ஒரு பௌத்தப் பெண் இருக்கிறாள், அதனால்தான் என்று சுப்பம்மா ஊரையும் சேர்த்துச் சொன்னாள். எம்பிலிப்பிட்டியவை டெனிஸ்டன் பஸ்ஸின் பெயர்ப்பலகையில் மட்டுமே பார்த்திருந்தான். கடைசியில் ஒரு ஞாயிறு மன்றாட்டு நேரத்தில் அருள்செல்வியே எழுந்து நின்று, "ஆண்டவரே, ஒம்ம வீட்ட மறந்து திரியிற எங்க சகோதரர் டெனிஸ்டனுக்காக மன்றாடுறோம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்நேரம் அந்தச் சகோதரர் அவளுடைய இருநூறாவது மரத்தில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டிருந்தார்.

"சகோதரர்னா சொன்னாங்க?" என்று மட்டும் அவன் அன்று மாலை சுப்பம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"பின்ன, மாப்பிள்ளைன்னா சொல்லுவாங்க?"

அவன் ஆறுதலுக்கு ஒரு விஷயம் இருந்தது. கோயிலுக்குள் எப்படியோ, வெளியே அவள் ஒருநாளும் அவனை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. லயத்தில் மீசை முளைத்த எல்லாரும் அவளுக்கு அண்ணனோ தம்பியோதான். இவன் மட்டும் "இங்க பாருங்க."

சில மாதங்கள் நன்றாகப் போயின. கங்காணியின் குரலில் பதினொன்று முழுப்பேராக ஒலித்தது. அருள்செல்வியின் நடையே மாறியது. பலாக்காய்க் கறியும் கோதுமை ரொட்டியும் மகள் ரோஷானி கையில் டெனிஸ்டனின் ஒற்றையறைக் காம்பராவுக்கு வரத்தொடங்கின. அவன் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "கறி நல்லாத்தான் இருந்துச்சு, உப்பு மட்டும் போன வாரத்துக்கும் சேத்து" என்று ஏதாவது சொல்வான். அடுத்த வாரம் உப்புச் சரியாக இருக்கும்.

பிறகு பால் நின்றது.

முதலில் ஒரு மரம், அப்புறம் வரிசையாக. கத்தி போகும், பட்டை சீவும், வெட்டின் இரண்டு முனையிலும் வியர்வை மாதிரி இரண்டு துளி நிற்கும், நடுவில் ஒன்றுமில்லை. பட்டைக்கு உள்ளே கபில நிறம். சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலும் எறும்பும்தான். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. மரத்துக்கு மரம் பொலித்தீன் பாவாடை கட்டி, வெட்டுக்காயத்தில் தண்ணீர் விழாமல் மூடியிருந்தார்கள். மழை தட்டுகிற சத்தம் மலை முழுக்கக் கேட்கும். அதற்கு அடியில் காலியான சிரட்டையோடு அருள்செல்வி நின்றுகொண்டிருப்பாள்.

ஃபீல்ட் ஐயா வந்தார். வெட்டு வேலையை மேற்பார்க்கிற அதிகாரி. சிங்களவர், தோட்டத்திலேயே தமிழ் படித்தவர், நல்ல மனுஷன்தான். பட்டையைக் கிள்ளிப் பார்த்தார், ஆணியால் குத்திப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஆழமா வெட்டியிருக்கு அருள்செல்வி. மரத்துக்குக் காயம். பழைய மரம், பால் வேணும்னு நீங்க உள்ளுக்குப் போயிருக்கீங்க."

"ஐயா, இத்தன வருஷத்துல ஒரு மரத்துலயும் நான் எலும்பத் தொட்டதில்லீங்க."

"அப்ப இது என்ன?"

அவள் வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஐயா குடையை விரித்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழம திரும்பப் பாக்கிறேன். இப்பிடியே இருந்தா கத்திய ஸ்டோர்ல ஒப்படைக்கணும். புல்லு வெட்டுக்கு மாத்துறேன். எனக்கும் மேல கேக்கிறாங்க, ஹரித, சரியா?"

கத்தியை ஒப்படைப்பது என்றால் அந்த மலையில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருடியவனிடம்கூட வேலையைத்தான் பறிப்பார்கள். கத்தியைக் கேட்டால், உனக்கு வெட்டவே தெரியாது என்று அர்த்தம்.

அன்று மாலை டெனிஸ்டன் அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் இரண்டு தரம் இருமினான், மூன்றாம் தரம் இருமல் நிஜமாகவே வந்துவிட்டது. அருள்செல்வி அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அந்த மாவைப் பிசைந்த வேகத்தைப் பார்த்தால் ரொட்டிக்கே பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏலெவல் படிக்கிற ரோஷானி தரையில் பாயை விரித்து, ஃபோனில் யாரோ டீச்சர் அனுப்பிய குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அரிசி வாளி, அதன்மேல் மூடி, மூடிமேல் அம்மிக்குழவி.

"அரிசி தப்பிச்சி ஓடிரும்னா குழவிய வச்சிருக்க?" என்று கேட்டான். வாய்க்கு வேறு வேலை தெரியவில்லை.

"வாழைக்காய் மாமா. பழுத்தது ஒண்ண உள்ளுக்கு வச்சி மூடியிருக்கேன். நாளன்னைக்குப் பாருங்க, எல்லாம் பழுத்துரும்."

"ஒரு பழம் மத்ததுக்குச் சொல்லிக் குடுக்குமோ?"

"ஆமா, காத்துல சொல்லும்" என்றாள் ரோஷானி. "பழுத்த பழத்துலருந்து ஒரு காத்து வரும், எதிலீன்னு பேரு. அது பட்டா காயும் பழுத்துரும், எலையும் உதிரும், பூவும் வாடும். நீங்க மரத்துக்குப் பூசுறீங்களே மருந்து, அதுவும் அதுதான்."

"எது? பழமா?"

"ஐயோ மாமா. மருந்து பட்டைக்குள்ள போனதும் அதே காத்தா மாறிரும். நமக்குக் கை வெட்டுப்பட்டா ரெத்தம் ஒறைஞ்சி தானா நிக்குதில்ல? மரத்துக்கும் அப்பிடித்தான், வெட்டுன எடத்துல பால் ஒறைஞ்சி வாய மூடிக்கும். இந்தக் காத்து மூட விடாது. அதனாலதான் கூட நேரம் வடியுது." அவள் ஜன்னலைக் காட்டினாள். வெளியே மழையில் ரப்பர் மரங்கள் பாவாடையோடு நின்றன. "அந்தப் பொலித்தீன்கூட அதுலதான் செய்றாங்க. அதே காத்த கோத்துக் கோத்து, சங்கிலி மாதிரி."

"ஒரே காத்து, வெளிய பாவாடை, உள்ள பால்" என்றான் டெனிஸ்டன். "எனக்கும் சின்ன வயசுலயே யாரோ தலையில பூசிட்டாங்க போல, எலையெல்லாம் உதிர்ந்துபோச்சு."

ரோஷானி சிரித்தாள். அருள்செல்வி சிரிக்கவில்லை. மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள்: "கூடப் பூசுனா என்னாகும்?"

"மாசத்துக்கு ஒருதரம்னா மரம் தாங்கும்மா. அதுக்கு மேல போனா, உள்ள பால் ஊறவே நேரம் இருக்காது. வடிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒருநாள் அப்பிடியே பட்டை வறண்டுரும். உள்ள கபில கலரா..." ரோஷானி பேனாவை வைத்தாள். "நம்ம மரம் மாதிரி. ஆனா நம்ம நம்பருக்கும் ஒருதரம்தானே மாமா பூசுறீங்க?"

அடுப்பில் விறகு வெடித்தது. டெனிஸ்டனுக்கு வாய் திறந்தது. ஆண்டவரே, இப்போது மட்டும் ஒழுங்காகப் பேச வை என்று, பல மாதமாகச் சரியாகப் போகாத கோயிலை நினைத்துக்கொண்டான்.

"அருளு" என்றான். "அது நான்தான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து மிச்ச மருந்த ஒங்க மரத்துக்கெல்லாம் பூசுனேன்."

அவள் கல்லில் ரொட்டியைப் போட்டாள். "ஆமா. அப்பிடியே எம்பிலிப்பிட்டியாவுக்கும் போய்ட்டு வந்தீங்க. என் வயித்தெரிச்சல்ல பகிடி பண்ணாதீங்க டெனிஸ்டன். சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். மனசாட்சி உறுத்தினாலும் ரொட்டி நன்றாக இருந்தது. அது அவனை மேலும் உறுத்தியது.

மறுநாள் கங்காணியைப் பிடித்தான். மடுவத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்த பழனியாண்டி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடேய், கோயிலுக்குப் போகாம மரத்துக்கு எண்ணெ தேச்சியா? நல்லாருக்குடா! போன வருஷம் தொரையோட நாய் ஒனக்கு லெட்டர் எழுதிச்சின்னு சொன்னியே, அத விட நல்லாருக்கு."

"கங்காணி, இது சத்தியம்."

"நாய் லெட்டருக்கும் சத்தியம்தான் பண்ணுன."

பண்ணியிருந்தான். அதுதான் கஷ்டம். இருபது வருஷமாக ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, ஒருநாள் மட்டும் நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? டவுனில் கபூர் கடைக்குச் சீனி வாங்கப் போனபோது அவரிடமும் சொல்லிப் பார்த்தான், ஒரு ஒத்திகைக்கு. கபூர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்காகப் பழிய நீ ஏத்துக்கிறியா? பெரிய மனசு நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி, கேட்காமலே ஒரு கைப்பிடி சீனி கூடப் போட்டார். செய்த குற்றத்துக்கு இனாமாகச் சீனி வாங்கிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. ஐயா வந்தார், கங்காணி வந்தார், பார்க்க வேண்டும் என்றே நான்கைந்து பேர் வந்தார்கள். சுப்பம்மா முழங்கால் வலியோடு மேடு ஏறி வந்திருந்தாள். அருள்செல்வி கத்தியை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். தீட்டித் துடைத்திருந்தாள். ஒப்படைக்கிற கத்தியும் பளபளப்பாகத்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

ஐயா ஒரு மரத்தைக் காட்டினார். அவள் பொலித்தீனைத் தூக்கிச் சீவினாள். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை.

"பவ்" என்று முணுமுணுத்தார் ஐயா. பாவம் என்பதைத் தமிழில் சொன்னால் குரல் உடையும் என்று நினைத்தாரோ என்னவோ. கையை நீட்டினார்.

அவள் கத்தியைக் கொடுக்கப் போன நேரத்தில் டெனிஸ்டன் குறுக்கே வந்து நின்றான். வியர்த்திருந்தது. "ஐயா, அவங்க கையில தப்பு இல்ல. நான் கூட மருந்து பூசுனேன். மாசக் கணக்கா. ஒவ்வொரு மரத்துக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா சலிப்போடு பார்த்தார். "டெனிஸ்டன், பொரு கதா வேணாம். ஒங்களுக்கு அந்த அம்மா மேல மனசு இருக்கு, தோட்டத்துக்கே தெரியும். அதுக்காகப் பொய் சொல்லக்கூடாது."

தோட்டத்துக்கே தெரியுமா? டெனிஸ்டனுக்குக் காது சுட்டது. அருள்செல்வி எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பொய் இல்லீங்க ஐயா. ஒவ்வொரு மரத்துக்கும்னு சொன்னேனே, அதுதான் பொய்." அவன் குழறினான். "ரோட்டோரமா இருக்கிற மரத்துக்குப் பூசல. பூசை முடிஞ்சி ஆளுங்க அந்த வழியாத்தான் வருவாங்க. பாத்துருவாங்கன்னு பயந்து அந்த வரிசைய விட்டுட்டேன். அந்த மரத்த வெட்டிப் பாருங்க. அதே கத்தி. அதே கை."

யாரும் சிரிக்கவில்லை. அருள்செல்வி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நெடுநாளாகப் புரியாத ஒன்று புரிந்துவிட்ட முகம்.

"அந்த வரிசையில மட்டும் பால் நிக்கல" என்றாள் மெதுவாக. "கோயில் பாதையில நிக்கிறதால மாதாதான் காப்பாத்துறாங்கன்னு நெனச்சேன். மெழுகுவத்தி வச்சேன்."

ஐயாவிடம் கொடுக்கப்போன கத்தியோடு அவள் ரோட்டுப் பக்கம் நடந்தாள். எல்லாரும் பின்னால் போனார்கள். ரோட்டோரத்து முதல் மரத்தின் முன் நின்று, காலைச் சரியாக ஊன்றி, கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நூல் மாதிரிச் சீவல் சுருண்டு விழுந்தது. வெட்டு முழுவதும் வெள்ளை பூத்தது. கோடு பிடித்து ஓடி, தகரத்தில் இறங்கி, சிரட்டையில் சொட்டியது. அவள் அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கும் அடுத்ததுக்குப் போனாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. வரிசை முடியும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போனாள். பின்னால் மரத்துக்கு மரம் பால் சொட்டுகிற சத்தம் கேட்டது.

ஐயா ஒரு வெட்டில் ஆணியை வைத்து ஆழம் பார்த்தார். எழுந்து, ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு டெனிஸ்டன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு மோடன்" என்றார். முட்டாளுக்குச் சிங்களத்தில் அதைவிட மரியாதையான சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

"ஆமாங்க ஐயா."

"மருந்து வாளிய ஒப்படைங்க. நாளைக்கு புல்லு வெட்டு."

"சரிங்க ஐயா."

"இந்த மரம் எல்லாம் அடுத்த எலை உதிர்ந்து துளிர்க்கிற வரைக்கும் சும்மா இருக்கட்டும். தேறும், தேறாம போகும், சொல்ல ஏலாது." அருள்செல்வி பக்கம் திரும்பியபோது குரல் மாறியது. "மேல பதினேழாம் நம்பர் ஆளில்லாம இருக்கு. திங்கக்கெழம போங்க. கத்தி ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் அன்னைக்குச் சொன்னது பிழை."

சுப்பம்மாதான் கடைசியாக நகர்ந்தாள். போகும்போது டெனிஸ்டனின் தோளில் தட்டி, "அப்ப எம்பிலிப்பிட்டியா பொண்ணு இல்லியா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள்.

பத்து மணிக்கே இருட்டிக்கொண்டு மழை வந்தது. மருந்து வாளியையும் பிரஷ்ஷையும் ஸ்டோரில் வைத்துவிட்டு மடுவத்தில் ஒதுங்கினான் டெனிஸ்டன். ரோட்டோர மரங்களின் பாலை நிறுக்க வந்த அருள்செல்வியும் அங்கே மாட்டிக்கொண்டாள். கங்காணி நிறுத்து முடித்துவிட்டு, மழையைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், மழையே பரவாயில்லை என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

தகரக்கூரையில் மழை இடித்தது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"கோவமா?" என்றான்.

அவள் காலி வாளியை உதறிக் கவிழ்த்து வைத்தாள்.

"மரத்துக்காகவா? கத்திக்காகவா?"

"அந்த மாசங்கள்ல" என்று ஆரம்பித்தாள். மழைச்சத்தத்தில் அவன் கிட்டே போக வேண்டியிருந்தது. "வீட்டுக்குப் போயி கண்ணாடியில என் மொகத்த நானே பாத்தேன், தெரியுமா? நாப்பது வயசுல கை தேறிப்போச்சே, பரவாயில்லையேன்னு. ரோஷானிக்கிட்ட பெருமையடிச்சேன். எல்லாம் நீங்க ஊத்துன மருந்து. நான் வெட்டுன பால் இல்ல."

அவனுக்கு இது தோன்றவே இல்லை. மரம் வறளும் என்றும் தெரியாது, இது வறளும் என்றும் தெரியாது.

"கை ஒங்க கைதான் அருளு. இன்னைக்குப் பாத்தாங்களே எல்லாரும்."

"எதுக்குச் செஞ்சீங்க?"

"மரங்க பாவம்னு..."

"பகிடி வேணாம்." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "ஒருதரம், ஒரே ஒருதரம், பகிடி இல்லாம சொல்லுங்க."

டெனிஸ்டன் வாயைத் திறந்தான். பழக்க தோஷத்தில் மூன்று பகிடி வரிசையாக வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினான்.

"கங்காணி அரைப்பேருன்னு கூப்பிடறப்ப நீங்க வாளிக் கைப்பிடிய சரி பண்ணுவீங்க. அத என்னால பாக்க முடியல."

"எரக்கப்பட்டீங்க."

"எரக்கம்னா கங்காணிக்கிட்ட மெதுவாக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். கோயில விட்டுட்டு மலையில ஏறியிருக்க மாட்டேன்." குரலில் பகிடி இல்லை. அது அவனுக்கே புதிதாக இருந்தது. "எரக்கம் இல்ல."

அவள் வெளியே பார்த்தாள். கானில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ரோஷானிக்கிட்ட முந்தியே கேட்டாச்சு" என்றாள்.

"எத?"

"மாமா வந்து நம்மளோட இருந்தா ஒனக்குச் சம்மதமான்னு. பலாக்காய்க் கறி குடுத்தனுப்ப ஆரம்பிச்சப்பவே கேட்டேன். அவ சரின்னுட்டா. நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்தா, நீங்க உப்பு சரியில்லன்னு சொல்லி அனுப்புறீங்க."

டெனிஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான். தன்னை எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தான்! கோயிலுக்கு ஒளிந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, மலையையே வறள வைத்து அவன் தேடிய இடத்துக்கு, முன்வாசல் வழியாக ஒரு தட்டோடு போயிருந்தால் போதும்.

"இப்பக் கேக்குறேன்" என்றான். "மருந்து வாளியும் போச்சு, நாளைலருந்து புல்லு வெட்டுற ஆளு. இந்த நெலமையிலதான் கேக்குறேன். என்ன மன்னிச்சிட்டீங்களா? என்னைக் கட்டிக்கிறீங்களா? ரெண்டையும் நேராச் சொல்லிருங்க அருளு. சுத்தி வளைச்சா எனக்கு வெளங்காது."

அருள்செல்வி காலி வாளியைத் தூக்கினாள். மழையைப் பார்த்தாள். பிறகு அவனை, அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"மன்னிக்கல" என்றாள். "அந்த மரங்கள்ல பால் வாற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். கட்டிக்கிறேன்."